கிள்ளாமல் விட்ட பூ

என் தகப்பனார் தஞ்சாவூர்ச் சீமையில் ஐம்பது வருஷம் நெல் பயிரிட்டவர். எண்பதாவது வயதில் குன்னூருக்கு வந்து என்னோடு தங்கியபோது, வாசல் பக்கத்தில் இருந்த கையகல நிலம் அவர் கண்ணை உறுத்தியது. "சும்மாக் கிடக்கிறதேடா!" என்றார். அடுத்த வீட்டுப் படுகப் பெரியவர் ஸ்ட்ராபெர்ரி நாற்று கொடுத்தார்.

முதல் நடவு முழுவதும் அழுகிப் போயிற்று. சேற்றில் நெல் நாற்றை அழுத்தி ஊன்றிப் பழகிய கை, இதையும் அப்படியே அழுத்திவிட்டது. பெரியவர் வந்து பார்த்துச் சிரித்தார். வேர் மண்ணுக்குள் இருக்க வேண்டுமாம். குருத்து மண்ணுக்கு மேலே நிற்க வேண்டுமாம். ஐம்பது வருஷத்து விவசாயி, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலக் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் கொஞ்சம் ரோஷமாக இருந்தது.

மறுபடியும் பன்னிரண்டு செடி. அடிக்கு ஒன்றாக, தண்ணீர் தங்காத மேட்டுப் பாத்தியில். எல்லாம் பிடித்துக்கொண்டன. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், அப்பா குனிந்து வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

"என்ன அப்பா இது?" என்று பதறினேன்.

"முதல் பூவை விட்டால் செடி காயிலேயே பலத்தைச் செலவழித்துவிடும். வேர் ஊன்றாது. அடுத்த காய்ப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம்."

அடுத்த காய்ப்பாம்! அப்போது யார் இருப்பார்கள் என்ற கணக்கு அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அவருடைய இருதயத்தைப் பற்றி டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓரத்துச் செடியின் பூக்களை இலையால் மூடி மறைத்தேன். நாற்பத்தைந்து வயதில் திருட்டுத்தனம்!

ஒரு நாள் மாலை அவருக்கு இந்தப் பழத்தின் கதையைச் சொன்னேன். 1714-ல் ஃப்ரேஸியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலி தேசத்திலிருந்து ஐந்து செடிகளைக் கப்பலில் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். அத்தனையும் பெண் செடிகள். தனியே நட்டால் காய்க்கவில்லை. வட அமெரிக்கச் செடியைப் பக்கத்தில் நட்ட பிறகே காய்த்தன. அந்த இரண்டின் கலப்பில் பிறந்ததுதான் இன்று நாம் தின்னும் பழம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கப்பலில் அதற்குத் தண்ணீர் யார் விட்டார்கள்?" என்றார் அப்பா.

மறைத்த செடியில் மூன்று பழம் பழுத்தது. ஒன்றைக் கொண்டைக்குருவி கொத்திவிட்டது. ஒன்றை நத்தை தின்றுவிட்டது. மிஞ்சியதை அப்பாவிடம் நீட்டினேன்.

"இது எங்கே இருந்தது?"

"கவனிக்காமல் விட்டுப் போயிருக்கும்."

பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பேத்தியின் கையில் வைத்தார். "புளிக்கிறது" என்றார்.

அடுத்த பருவத்தில் பதினொரு செடிகளும் காய்த்துத் தள்ளின. பழம் மண்ணில் படாமலிருக்கக் காய்ந்த புல்லைப் பரப்பியவர் அப்பாவேதான். டாக்டருடைய கணக்கும் என் கணக்கும் தப்பிப் போய்விட்டன. ஓரத்துச் செடி மட்டும் சோனியாக நின்றது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எரு வைக்கும்போது அதற்கு மட்டும் ஒரு கை கூடுதலாக வைத்தார்.