தாத்தா பாடின சிந்து

நேத்து ராத்திரி 1 மணி வரைக்கும் தூங்கல.

தாத்தா திண்ணையில உக்காந்து பாடுவாரே ஒரு சிந்து, அது இருக்குற சின்னப் புத்தகத்தைத் தேடிட்டிருந்தேன்.

ஒரு நூலகத் தளத்துல தமிழ்ல அடிச்சேன். இல்ல.
இன்னொண்ணுல அதை எழுதின சுப்பிரமணியத்தோட பேரை இங்கிலீஷ்ல 'எஸ்' (S) போட்டு அடிச்சேன். இல்ல.
கடைசில, பல நூலகங்களைச் சேர்த்துத் தேடுற தளத்துல 'எஸ்'ஸுக்குப் பதிலா இங்கிலீஷ் 'சி' (C) போட்டேன்.

வந்து நின்னுச்சு!

பல நூலகங்க தமிழை ரோமன் எழுத்துக்கு மாத்துற முறையில சகரத்துக்கு 'சி'தான். சிலப்பதிகாரத்துக்கும் அதே 'சி'. இது தெரியாம எத்தனை பேர் "இல்ல"ன்னு நினைச்சுத் திரும்பிப் போயிருப்பாங்க?

தலைப்பு, அச்சுக்கூடம், 16 பக்கம். அந்த ஒத்தை வரியையே பார்த்துட்டிருந்தேன். கண்ணு கலங்கிருச்சு.

இப்படிப் பழசைத் தேடித் தேடிச் சேர்த்தவங்க நம்மகிட்ட உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதின மனுஷர். நாடக நோட்டீஸ்கூட விடாம சேர்த்தார். அவர் சேர்த்ததுதான் 1994ல சென்னையில ஆராய்ச்சி நூலகமாச்சு. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச வலி தெரிஞ்சவங்க 2005ல இணையத்துல 'நூலகம்'ங்கிற திட்டத்தை ஆரம்பிச்சாங்க. சேர்க்குறதுல நாம குறை வைக்கல.

ஆனா தேடணும்னா ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாத் தட்ட வேண்டியிருக்கு. ஆஸ்திரேலியாவுல 2009லேர்ந்து 'ட்ரோவ்'னு ஒண்ணு இருக்கு. பழைய செய்தித்தாள், படம், புத்தகம் எல்லாம் ஒரே பெட்டியில அடிச்சா வருது. பல ஊர் நூலகங்க சேர்ந்து குடுத்தது.

தமிழுக்கும் அப்படி ஒரே பெட்டி வேணும். 'எஸ்' அடிச்சாலும் 'சி' அடிச்சாலும் தமிழ்லயே அடிச்சாலும், அதே சுப்பிரமணியம் வரணும்.

உங்க வீட்டுப் பரண்ல இருக்குற பழைய புத்தகத்தை எந்தப் பேர்ல பதிஞ்சு வச்சா உங்க பேத்தி கண்டுபிடிப்பா?