ரெண்டு முட்டையும் ஒரு சிகரெட்டும்

ஒரு ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட்டை உங்க பாட்டிக்குத் தமிழ்ல விளக்கச் சொன்னா உங்களால முடியுமா? என்னால முடியல.

எல்கேஜியிலிருந்தே நான் இங்கிலீஷ் மீடியம். ஆறாவது செமஸ்டர் இன்டர்னல்ஸ் நேரத்துல அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க. வயசு 51 தான். மறுநாள் மந்தைவெளி வீட்டுல பாட்டி என்னைப் பக்கத்துல உட்கார வெச்சு, "என்னடா அடைப்பு? எதுல அடைப்பு?"ன்னு கேட்டாங்க. "ஆர்ட்டரில பாட்டி"ன்னேன். "அப்படின்னா?" 'தமனி'ங்கிற வார்த்தை அன்னிக்கு எனக்குத் தெரியாது. படிக்கிறது மெக்கானிக்கல் ஆச்சே, "சிங்க் பைப்புல எண்ணெய்ப் பிசுக்கு படியும்ல, அது மாதிரி"ன்னு சொல்லி வெச்சேன். பாட்டி உடனே அம்மாவைத் திரும்பிப் பார்த்தாங்க. வீட்டுல எண்ணெய் ஊத்திச் சமைக்கிறது அம்மாதானே!

அந்த ஒரு பார்வையில அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. நான் சொன்ன உதாரணம் பண்ண வேலை அது. சொன்னதும் தப்பு. கொழுப்பு தமனியோட உள்பக்கம் பிசுக்கு மாதிரி ஒட்டுறதில்ல. அது சுவருக்குள்ளேயே போயிடுது. அதைத் தின்ன வர்ற வெள்ளை அணுக்கள் தின்னு தின்னு உப்பி, நுரை செல்களா மாறி அங்கேயே தங்கிடுது. அதனால சுவர் தடிச்சு, பாதை சுருங்குது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நாம படிச்ச பாய்சல் விதி ஞாபகம் இருக்கா? அழுத்தம் மாறாம குழாயோட ஆரம் மட்டும் பாதியானா, ஓட்டம் பதினாறுல ஒரு பங்கா குறையும். பரீட்சைக்கு அதை மனப்பாடம் பண்ணப்போ, அது அப்பாவோட நெஞ்சுக்குள்ள நடக்கும்னு நினைச்சதே இல்ல.

அம்மா மேல விழுந்த பழியை எடுக்கணும்னுதான் படிக்க ஆரம்பிச்சேன். அப்போதான் குடல் பாக்டீரியா கதை கிடைச்சது. நிஜமாவே அசத்தலான கதை, கேளுங்க.

நம்ம குடல்ல கோடானு கோடி பாக்டீரியா குடியிருக்கு. முட்டை மஞ்சள் கரு, ஈரல் இதுல இருக்கிற கோலினையும், ஆட்டுக்கறியில இருக்கிற கார்னிட்டினையும் அதுல சில வகைகள் உடைச்சு, டி.எம்.ஏ.ங்கிற வாயுவா மாத்துது. அது கல்லீரலுக்குப் போய் டி.எம்.ஏ.ஓ.வா மாறி ரத்தத்துல கலக்குது. அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் கிளினிக்ல ஸ்டான்லி ஹேசன்ங்கிறவரோட குழு, இது எலிகளோட தமனியில நுரை செல்களை அதிகமாக்குதுன்னு 2011-ல காட்டுச்சு. 2013-ல மனுஷங்களுக்கு ரெண்டு அவிச்ச முட்டை கொடுத்துப் பார்த்தாங்க. ரத்தத்துல டி.எம்.ஏ.ஓ. ஏறுச்சு. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவை அடக்கினதும், அதே ரெண்டு முட்டை சாப்பிட்டாலும் ஏறவே இல்ல. ஆன்டிபயாடிக் நிறுத்தி சில வாரம் ஆனதும் மறுபடி ஏறுச்சு. முட்டை மட்டும் காரணம்னா இப்படி நடக்குமா? கூடவே 4,007 இதய நோயாளிகளை மூணு வருஷம் கவனிச்சதுல, டி.எம்.ஏ.ஓ. ரொம்ப அதிகமா இருந்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் வர்ற ஆபத்து, ரொம்பக் குறைவா இருந்தவங்களை விட சுமார் இரண்டரை மடங்கு.

இதைப் படிச்சதும் எனக்குத் தலைகால் புரியல. ஞாயித்துக்கிழமை மட்டன் கட். மஞ்சள் கரு கட். பாட்டியோட பழைய சோறு தினமும் காலையில கட்டாயம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே பழைய சோத்தை வெச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னு செய்தியில பார்த்திருந்தேன். அது குடல் நோய்க்கான ஆராய்ச்சி, தமனிக்கானது இல்லங்கிறதை வீட்டுல சொல்லாம விட்டுட்டேன். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

அடுத்த செக்கப்புக்கு பிரிண்ட் அவுட்டோட போனேன். டாக்டர் பொறுமையா கேட்டார். "நல்ல ஆராய்ச்சி தம்பி. ஆனா மீன்லயே டி.எம்.ஏ.ஓ. நிறைய இருக்கு, மீன் சாப்பிடுறவங்க இதயம் நல்லாத்தான் இருக்கு. கிட்னி சரியா வேலை செய்யலைன்னாலும் ரத்தத்துல இது ஏறும். இது காரணமா, வெறும் அடையாளமான்னு இன்னும் வாதம் நடக்குது"ன்னார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினார். "சார், ஒரு நாளைக்கு எத்தனை?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே தெரியும். லஸ் கார்னர் டீக்கடை, சட்டைப்பையில ஹால்ஸ், வீட்டுக்கு வந்ததும் நேரா பாத்ரூம். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். இருபத்தொரு வயசுல இங்கிலீஷ்ல ஆராய்ச்சிக் கட்டுரை படிக்க எனக்கு வந்துச்சு. "அப்பா, சிகரெட்டை விடுங்க"ன்னு தமிழ்ல சொல்ல வரல. பாக்டீரியா மேல பழி போட்டா யாரும் சங்கடப்படமாட்டாங்கன்னுதான் அதைப் பிடிச்சுக்கிட்டேன்னு அந்த நாற்காலியில உட்கார்ந்தப்போதான் புரிஞ்சுது.

அன்னிக்குச் சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பார்க்ல ரெண்டு பேரும் நடந்தோம். மூணாவது ரவுண்ட்ல, "அப்பா, அம்மா சமையல்னாலதான்னு பாட்டி நினைக்கிறாங்க. நீங்க அதைக் கேட்டுக்கிட்டு சும்மா இருக்கீங்க"ன்னு சொல்லிட்டேன். சிகரெட்னு சொல்ல வாய் வரல, அது மட்டும்தான் வந்துச்சு. அப்பா கொஞ்ச தூரம் பேசாம நடந்தார். "உன் பாட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்டா"ன்னார். சொல்லவும் செஞ்சார். பாட்டி கத்தின கத்து கீழ்வீடு வரைக்கும் கேட்டுச்சு. அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டாங்க.

இப்போ நாலு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை தவறினார், அவரே வந்து சொன்னார். சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆனா, இதய நோய் வர்ற ஆபத்து புகைக்கிறவங்களோடதுல பாதிக்குக் குறையும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இன்னும் எட்டு மாசம்.

குடல் பாக்டீரியா பொய்னு நான் சொல்லவரல. நார்ச்சத்தை அதுங்க நொதிக்கவெச்சு உடம்புக்கு நல்ல அமிலங்களைத் தருது. அதனால கீரை, சுண்டல், பயறு எங்க வீட்டுல தொடருது. பழைய சோறும் இருக்கு, இப்ப கட்டாயம் இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டன் மாசத்துல ஒரு நாள் திரும்பி வந்திருக்கு.

கடைசியா ஒரு விஷயம். 1990-கள்ல நம்ம தி. நகர்லயும் திருமங்கலத்துலயும் 20 வயசுக்கு மேல இருந்த 1,262 பேரைப் பரிசோதிச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. அதுல 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவங்கள்ல அது 21.4 சதவீதம். நம்ம கிளாஸ் அறுபது பேரோட அப்பா அம்மாவை நினைச்சுப் பாருங்க. இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது, கடைசியா எப்போ சுகரும் பி.பி.யும் பார்த்தீங்கன்னு கேளுங்க. கேட்கத் தயங்குற இன்னொரு கேள்வி உங்களுக்கும் இருந்தா, அதை முதல்ல கேட்டுடுங்க.