நாற்பத்தேழு திருப்பூர்!

கொமரலிங்கத்தில் யாரிடமாவது, 'காஷ்மீர் எவ்வளவு தூரமுங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'அது கெடக்குது மேல...' என்று வடக்கே கையைத் தூக்கிக் காட்டுவார்கள். கிலோமீட்டரில் சொன்னால் தலை சுற்றும். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,745 கிலோமீட்டர். இந்தியாவிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான். அதில் முழுசாக சைக்கிள் மிதிக்கப் போகிறேன் என்று சொன்னால், 'தம்பி ராத்திரி சரியாத் தூங்குதுங்களா?' என்று வீட்டில் விசாரிப்பார்கள்.

நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் இவ்வளவு பயம் தேவையில்லை. கொமரலிங்கத்திலிருந்து திருப்பூர் எண்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். பனியன் கம்பெனிக்குப் போகிற நம் பையன்கள் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கியபடி கடக்கிற தூரம். 3,745-ஐ எண்பதால் வகுத்தால் நாற்பத்தேழு. ஆக, காஷ்மீர் என்பது நாற்பத்தேழு திருப்பூர். அவ்வளவுதான் சார்!

அமராவதித் தண்ணீர் பாயும் வயலும் தென்னையுமாகக் கிடக்கிற எங்கள் ஊரில், டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. ஒருத்தர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஒருத்தர் கட்டிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். ஒருத்தர் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட். நாலாவது ஆள் உடுமலையில் கணக்கெழுதும் அடியேன்.

இது புதிதாக முளைத்த பைத்தியமும் இல்லை. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி வாலிபர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். நாலரை வருஷம் கழித்து, 1928 மார்ச்சில், அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்கரா என்ற மூன்று பேர் சுற்றி முடித்து ஊர் திரும்பினார்கள். ஆறு மூன்றான கணக்கைக் கவனியுங்கள். நீண்ட பயணத்தில் டயரை விட சீக்கிரம் தேய்வது ஆள் எண்ணிக்கைதான்!

நம் பக்கத்துக்கு நெருக்கமான கதை 1985 டிசம்பரில் நடந்தது. தொழுநோயாளிகளுக்காக ஆனந்தவனத்தை உருவாக்கிய பாபா ஆம்தே, எழுபது வயதில், நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்களையும் இளம் பெண்களையும் சைக்கிளில் ஏற்றிக் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குக் கிளம்பினார். முதுகெலும்பு நோயால் அவரால் உட்காரவே முடியாது. வண்டியில் படுத்தபடியே கூட வந்தார். பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்த காலம் அது. பயணத்துக்குப் பெயர் 'பாரத் ஜோடோ'. இங்கிலீஷில் 'நிட் இண்டியா'! நிட்டிங் என்ன, திருப்பூர்க்காரனுக்குத் தெரியாத வேலையா?

வேகப் பிரியர்கள் தனி ஜாதி. 2021-ல் காஷ்மீர் வாலிபர் ஆதில் தேலி ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 8 நாள் 1 மணி 37 நிமிஷத்தில் வந்து கின்னஸில் இடம் பிடித்தார். தினம் ஐந்தரைத் திருப்பூருக்கு மேல்! அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நாம் நம் பாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் வைத்துக்கொள்வோம். 38 நாள் மிதிக்க வேண்டும். ஓய்வுக்கு ஆறு நாள். மொத்தம் 44.

கால் தயார். சைக்கிள் தயார். ஆபீஸ்?

இங்கேதான் முக்கால்வாசி பயணங்கள் டீக்கடை தாண்டாமல் செத்துப் போகின்றன. 'ஒண்ணரை மாசம் லீவு வேணுங்க' என்று கேட்டால், மேனேஜர் ஷிப்மென்ட் தேதியைக் காட்டுவார். அதனால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது லீவுக் கணக்கு. ரோடு மேப் அப்புறம். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிற கணக்கு இது: இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 15 நாள். எடுக்காத லீவில் 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம். இரண்டு வருஷ சேமிப்பு 30, மூன்றாம் வருஷத்தது 15... ஆக 45!

இதில் இன்னொரு சௌகரியம். லீவுக்கு நடுவில் வரும் வார விடுமுறைகள் லீவில் சேராது. கன்னியாகுமரி போய்ச் சேர ஒரு நாள், பயணம் 44, திரும்ப நாலு என்று மொத்தம் 49 நாள். அதில் ஏழு ஞாயிறு போனால் தேவை 42 நாள்தான். மீதி மூன்று நாளைக் காய்ச்சல், கல்யாணம், கருமாதிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்களில் மூன்று பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தியது. ஓவர்லாக் நண்பர் மட்டும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாறி மாறிக் கம்பெனி போகிறவர். மெஷினில் உட்காராத நாளில் பீஸ் இல்லை. பீஸ் இல்லையென்றால் காசு இல்லை. 'நீங்க போய்ட்டு வாங்க, போட்டோ காட்டுங்க' என்றார்.

மூன்று பேர் போவதானால் பயணமே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவானது. சாப்பாடு, லாட்ஜ், ரிப்பேர், ரயில் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் வீதம் 49 நாளுக்கு 34,300. நாலு பேருக்கு 1,37,200. நாலு பேரும் மாதம் 1,300 ரூபாய் வீதம் 36 மாதம் போட்டால் சேருவது 1,87,200. மிச்சம் சரியாக 50,000. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தப் பணம் ஓவர்லாக் நண்பரின் வீட்டில் அவர் சம்சாரத்தின் கைக்குப் போகும். இப்போது போஸ்ட் ஆபீஸ் பாஸ் புத்தகம் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. ஒரு மாதம் தள்ளிப் போனால்கூட ஆள் அனுப்பி விடுகிறார்!

கிளம்பும் மாதமும் யோசித்து எடுத்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே மழை. மே மாதம் நாக்பூர் அடுப்பு. ஜனவரியில் காஷ்மீர் பனி. பிப்ரவரி 15-ல் கன்னியாகுமரியில் மிதிக்க ஆரம்பித்தால், மார்ச் தொடக்கத்தில் நாக்பூர், மாசக் கடைசியில் ஸ்ரீநகர். துலிப் தோட்டம் திறக்கிற சமயம். வெயிலுக்கு முன் காலை ஐந்து முதல் பத்து வரை, பிறகு மாலை நாலு முதல் இருட்டும் வரை மிதிக்க வேண்டும். நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுப் பகுதியை மட்டும் பட்டப் பகலில் கடப்பது உத்தமம். அங்கே வனவிலங்குகள் குறுக்கே போக ரோட்டையே மேலே தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். புலிக்கும் வழி விட வேண்டுமல்லவா!

ஓய்வு ஆறு நாளில் இரண்டை ஜம்முவுக்கு அப்பால் தொடாமல் வைக்க வேண்டும். அந்த மலை ரோட்டில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். பெரிய சுரங்கப் பாதைகளில் சைக்கிளை விடுகிறார்களா என்று ஜம்முவிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். விடாவிட்டால் பத்னிடாப் வழியாகப் பழைய ரோடு: 2,000 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும். திரும்புவது சுலபம். 2025 ஜூனிலிருந்து ஸ்ரீநகர் - கத்ரா ரயில் ஓடுகிறது. கத்ராவிலிருந்து கோவை வழியாக வருகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். விட்டால் லீவு போச்சு!

சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. கியர் வண்டி வைத்திருப்பவர்கள் அதன் டியூப் நாலு, டயர் ஒன்று கையோடு கொண்டுபோவது நல்லது. எல்லா ஊரிலும் கிடைக்காது. சாதா வண்டி என்றால் எந்தப் புளியமரத்தடியிலும் பஞ்சர் ஒட்டலாம், பெண்டு எடுக்கலாம். (நம் பெண்டு நிமிர்வதற்கு அவர்கள் பொறுப்பல்ல.) இந்த ரோட்டிலேயே சைக்கிளின் சரித்திரமும் இருக்கிறது. டில்லி தாண்டினால் சோனிபட், 1951-ல் அட்லஸ் பிறந்த ஊர். அதன் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத்தில் மூடப்பட்டது. இன்னும் மேலே லூதியானா. ஹீரோ சைக்கிளின் ஊர். கம்பளிப் பின்னலாடைக்கும் அதுதான் தலைநகர். பருத்திக்குத் திருப்பூர், கம்பளிக்கு லூதியானா. சம்பந்தி வீடு மாதிரி ஒரு நாள் தங்கலாம். ஸ்வெட்டர் அங்கே வாங்கிக்கொள்வதாக எண்ணம். பனியனுக்கு மட்டும் காதர்பேட்டை. வேர்வையைக் குடித்துக் கனக்கும் காட்டன் இதற்கு ஆகாது. சீக்கிரம் காயும் பாலியஸ்டர்தான் சரி.

சாப்பாட்டுக்குப் பழனி பஞ்சாமிர்தம் ஒரு டப்பா. வழியில் கோவில்பட்டி கடலை மிட்டாய். பஞ்சாபில் குருத்வாராக்கள் இருக்கும் வரை பசியைப் பற்றிக் கவலையில்லை.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. ஆடி மாதத்தில் கொமரலிங்கத்திலிருந்து உடுமலைக்கு மிதித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதை எதிர்த்துப் பதினைந்து கிலோமீட்டர் போகிற தொடைக்கு எந்த ஊரும் தூரமில்லை. அடுத்து பொங்கல் லீவில் மூன்று நாள், கன்னியாகுமரி முதல் திண்டுக்கல் வரை சுமார் 310 கிலோமீட்டர் ஒத்திகை. யார் கால் நிற்கும், யார் கோபம் நிற்காது என்பதெல்லாம் விருதுநகருக்குள் தெரிந்துவிடும்.

கடைசியாக வீட்டு அனுமதி. 'அத்தனை தூரம் எதுக்கு சாமி? ரயில்ல போனா ஆகாதா?' என்பார் அம்மா. அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் பதில் கேட்ட அம்மாதான், 'அங்க குளிருமாமே' என்று அடுத்த வாரமே மப்ளர் விலை விசாரிக்கிறார்.

உங்களுக்கும் ஆசை இருக்கிறதா? நாளைக்கே சைக்கிள் கடைக்கு ஓடாதீர்கள். ஆபீஸில் டைம் கீப்பரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உங்கள் கணக்கில் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று கேளுங்கள். கேட்கும்போது காஷ்மீர் என்று மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்!