உண்ணா நோன்பும் உடல்நலமும்

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95-ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையையே உரைக்கின்றன. முன் உண்டது செரித்தமை அறிந்து பின் உண்க என்பது அவற்றின் சாரம். முப்பது ஆண்டுகள் இதனை மாணவர்க்கு விளக்கிய யான், வகுப்பு முடிந்ததும் சர்க்கரை மிகுந்த காப்பியை நாடிச் செல்வேன். ஓய்வு பெற்ற ஆண்டில் வெறும் வயிற்றோடு குருதியைச் சோதித்தனர். சர்க்கரை 168 மில்லிகிராம் இருந்தது. அஃது 126-ஐ எட்டினாலே நீரிழிவு என்பர் மருத்துவர்.

நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் இனிப்பும் குடலில் சர்க்கரையாக மாறிக் குருதியிற் கலக்கின்றன. உடனே, இரைப்பையின் பின்புறம் அமைந்த கணையம் இன்சுலின் என்னும் சுரப்புநீரை விடுகின்றது. சர்க்கரையைத் தசைகளுக்குள் புகச் செய்வதும், மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கச் செய்வதும் அதன் பணி. கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் 1921-இல் அதனைக் கண்டறிந்தனர். அதற்கு முன், நீரிழிவுற்ற சிறுவர்க்கு மருத்துவர் அறிந்த வழி கடும்பட்டினியே. அது சாவைத் தள்ளிவைத்ததேயன்றித் தடுத்ததில்லை. 1922 சனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் இன்சுலினை முதன்முதலாகப் பெற்று, பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான்.

ஓயாது உண்பாரின் கணையமும் ஓயாது உழைக்கின்றது. நாளடைவில் உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றது. உணவின்றிச் சில மணி நேரம் கழியின் இன்சுலின் தாழ்கின்றது. கல்லீரலின் சேமிப்புக் குறையக் குறைய, உடல் தன் கொழுப்பை எரிக்கின்றது.

இதனை அறிந்த யான் ஏகாதசி நோன்பை மேற்கொண்டேன். சோற்றை விலக்கி, மாலையில் பலகாரம் உண்டேன். பலகாரம் என்பது பழவுணவு எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. என் இலையிலோ பழம் இல்லை. உப்புமாவும் கேசரியும் இருந்தன! நோன்பு நாளில் சர்க்கரை முன்னிலும் ஏறிற்று. நாணமுற்று, அடுத்த ஏகாதசியன்று நீரன்றி ஒன்றும் கொள்ளாதிருந்தேன். காலை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினேன். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு வரினும் வாராவிடினும் தன் வேலையைச் செய்தே தீரும். நண்பகலில் கை நடுங்கிற்று, வியர்வை பெருகிற்று, எதிரே நின்ற பேரனின் பெயர் என் நாவில் வரவில்லை. அவன் அஞ்சி அழுதான். என் இல்லாள் வெல்லம் கரைத்த நீரைப் புகட்டினாள். அரை நாழிகையில் தெளிந்தேன். சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கின் இவ்வாறு நேரும். இன்னும் தாழின் உயிர்க்கே ஊறு.

மருத்துவர் கடிந்துகொண்டார், அது தகும். நோன்பு நாளுக்கென மாத்திரையின் அளவை மாற்றித் தந்தார். தானும் நோன்பிருப்பேன் என்ற பேரனை, வளரும் உடலுக்குப் பட்டினி ஆகாது எனத் தடுத்தார்.

துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என முன்னோர் வகுத்தது எத்துணை நன்று! நார் மிக்க இவற்றை முதலில் உண்டால் சர்க்கரை மெல்லவே ஏறுகின்றது. சோறு பின்னர், அதுவும் ஒரு கைப்பிடி. காப்பியில் இப்போது சர்க்கரை இல்லை. வீட்டில் கேசரி கிண்டும் நாளில் மட்டும் யான் அடுக்களைப் பக்கம் செல்லாது திண்ணையில் அமர்ந்திருப்பேன்.