பூனை மேல் விழுந்த பழி

குரோம்பேட்டைக்குப் பெயர் வைத்தது தோல்தான். தென்னிந்தியாவில் வெகு காலம் பெரும்பாலும் ஆவாரம்பட்டையைக் கொண்டே தோல் பதனிட்டு வந்தார்கள். ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1903-ஆம் வருஷத்தில் சென்னையில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் பரீட்சையைத் தொடங்கினார். பிறகு சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் தொழிற்சாலை பல்லாவரத்துக்குத் தெற்கே எழுந்தது. ஊருக்கும் அதன் பெயரே நிலைத்தது. தொழிற்சாலை போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. இத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு வீட்டில் ஒரு தோல் சோபா இல்லாமலிருப்பது ஊருக்கே அவமரியாதை என்று நாம் கருதியதில் ஆச்சரியமென்ன? நம் சகதர்மிணியின் ஆட்சேபத்தையும் மீறி வாங்கிப் போட்டோம்.

மூன்றாம் வாரத்தில் கூடத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. சோபாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை! குற்றவாளியைத் தேடி வெகுதூரம் போகவில்லை. நம் வீட்டில் உரிமையுடன் உலாவும் பூனை ஒன்று உண்டு. விசாரணையே இல்லாமல் தீர்ப்பளித்தோம்: மறுநாள் கோணிப்பையில் போட்டு முடிச்சூருக்கு அப்பால் நாடு கடத்துவது!

கறையின் மேல் நாம் நடத்திய யுத்தமோ அதைவிட மோசம். வெந்நீரை ஊற்றினோம், சோடா கலந்த சலவைத் தூளால் தேய்த்தோம், பினாயிலும் தெளித்தோம். நாற்றம் இரட்டிப்பாயிற்று, தோல் வெளுத்துச் சுருங்கியது.

அன்றிரவு தாகமெடுத்து எழுந்தோம். கூடத்து இருட்டில் யாரோ குனிந்திருந்தார்கள். விளக்கைப் போட்டால், எழுபத்தெட்டு வயதான நம் தகப்பனார்! தூக்கம் வராத இரவுகளில் சோபாவில் வந்து சாய்ந்து கண்ணயர்வது அவர் வழக்கம். தம் மேல்துண்டால் சோபாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பூனையை ஒன்றும் செய்துவிடாதேடா. அது நிரபராதி" என்றார். நம் முகத்தை அவர் பார்க்கவில்லை. நாமும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. துண்டை வாங்கிக்கொண்டு, "நீங்கள் போய்ப் படுங்கள், அப்பா" என்று மட்டும் சொன்னோம்.

மறுநாள் தோல் வேலை அறிந்த நண்பர் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் சிரித்தார். "பூர்வத்தில் பல தேசங்களில் தோலிலுள்ள ரோமத்தைக் கழற்றச் சிறுநீரில்தான் ஊறவைப்பார்கள். பதனிட்ட தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது, சோடாவின் காரம் அதற்குச் சத்துரு" என்றார்.

அவர் சொன்ன முறை இது: முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கலாகாது. பிறகு காரமில்லாத சோப்பைக் குளிர்ந்த நீரில் கரைத்து, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் ஒரு பங்கு வெள்ளை வினிகரில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து, மறைவான மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே துடைக்கலாம். வெயில் ஆகாது, மின்விசிறிக் காற்றே போதும். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலப் படிகங்கள் தண்ணீரில் எளிதில் கரையா. மழைக்கால ஈரத்தில் நாற்றம் திரும்புவது அதனால்தான். தோலுக்கு ஏற்றதென்று குறித்திருக்கும் என்சைம் திரவமே அவற்றைச் சிதைக்கும். உள்ளிருக்கும் பஞ்சு நனைந்திருந்தால் மேலே துடைத்துப் பயனில்லை. உறையைப் பிரித்துப் பஞ்சை மாற்ற வேண்டும். கடைசியில் தோலுக்கென்று விற்கும் களிம்பைப் பூசவேண்டும். சமையல் எண்ணெய் தடவினால் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும்.

சோபாவுக்கு வைத்தியம் ஆயிற்று. தகப்பனாருக்கு? டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் என்றார், மருந்து கொடுத்தார். "ஆறு மாதமாக அவஸ்தைப்பட்டிருக்கிறாரே, முன்பே சொல்லக்கூடாதா?" என்று நம்மையே கேட்டார். புதுச் சோபாவின் மேல் காப்பிச் சொட்டு விழுந்ததற்கே பேரக் குழந்தைகளை நாம் அதட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எப்படி வாய் திறப்பார்? இதை டாக்டரிடம் நாம் சொல்லவில்லை.

இப்போது சோபாவின் மேல் நீர் புகாத விரிப்பும், அதன்மேல் மெத்தென்ற பழைய நூல் புடவையும் கிடக்கின்றன. தகப்பனார் பகலிலும் அதில்தான் உட்காருகிறார்; மடியில் பூனை. கறை முக்கால் பங்கு மறைந்துவிட்டது. மிச்சத்தைக் கண்டு விருந்தினர் யாராவது கேட்டால், "பூனையின் வேலை" என்கிறோம். தகப்பனார் அதன் தலையைத் தடவிக் கொடுக்கிறார். பூனை ஆட்சேபிப்பதில்லை.