கூத்தர் தோளில் தொங்கிய பை

விடியலில் ஏறி அந்திக்குள் இறங்கிவிடும் பகல் வேட்டைக்கு எத்தகைய பை ஏற்றது என்னும் கேள்வியை இன்றைய ஜவ்வாது மலையில் கேட்க இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்காரன் சட்டப்படி மறைந்துவிட்டான். அவன் முதுகிலிருந்த பை மட்டும் மலையேற்றப் பை என்று பெயர் மாற்றிக்கொண்டு, ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் வரும் நகரத்தார் முதுகில் நடமாடுகிறது. மலையடிவாரத்து வீரர்களின் நினைவுக் கற்களைத் தொகுத்த ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலைத் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டதும் அதே 1972இல்தான் என்பது தற்செயலே ஆயினும், புலியோடும் பன்றியோடும் பொருதவர்க்குக் கல் நட்ட ஒரு வட்டாரத்தில் அந்த ஆண்டு சற்றுக் குறும்பாகவே அமைந்துவிட்டது.

பையின் நவீன வரலாறும் வேட்டையிலிருந்தே தொடங்குகிறது. நார்வே நாட்டு ஓலே பெர்கன் 1908இல் முயல் வேட்டைக்குச் சென்றபோது, உருத்திரண்டு முதுகை அழுத்திய பையின் தொல்லை தாளாமல், ஜூனிப்பர் என்னும் குளிர்நாட்டுச் செடியின் கிளையை வளைத்து முதுகின் வடிவுக்கு ஏற்ற ஒரு சட்டமாக்கிப் பைக்கு உள்ளீடாக வைத்தார் என்றும், அதுவே 1909இல் காப்புரிமை பெற்ற இரும்புக்குழல் சட்டத்துக்கு முன்னோடி என்றும் சொல்லப்படுகிறது. அதன் பின் வந்த திருத்தங்களுள் பெரியது இடுப்புப் பட்டை, அதாவது தோளில் இறங்கும் பாரத்தை இடுப்பெலும்புக்கு மாற்றிவிடும் அகன்ற வார். இருபது முப்பது லிட்டர் கொள்ளும் சிறு பைக்கும் இந்தப் பட்டையைத் தைத்து, அதன்மேல் ஏழெட்டு வார்களையும் கொக்கிகளையும் தொங்கவிட்டு, அவற்றின் எடையை ஈடுகட்டத் துணியை வெங்காயத்தோல் அளவுக்கு மெலிதாக்கி விற்பது இக்காலத்து வணிகம். அத்துணி ஒவ்வொரு முள்ளிலும் உரசிச் சரசரப்பதால் மானுக்கு முன்னறிவிப்புச் செய்யும் என்பதை வேட்டைக்காரர் மட்டுமே பொருட்படுத்தினர்.

இவ்வளவுக்கும் நெடுங்காலம் முன்பே இம்மலைச்சாரலில் ஒரு பை இலக்கியம் ஏறியிருக்கிறது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டும் கூத்தராற்றுப்படை என்று வழங்குவதுமாகிய மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னன்சேய் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டும் 583 அடிப் பாட்டு. அதில் வரும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. நவிரமலை அதனருகிலுள்ள பர்வதமலை எனப் பெரும்பாலோர் கொள்வர். பாடிய பெருங்கௌசிகனார் மன்னனையோ மலையையோ முதலில் காட்டவில்லை, பைகளைக் காட்டுகிறார். முழவு, ஆகுளி என்னும் சிறுபறை, பாண்டில் என்னும் வெண்கலத் தாளம், கொம்பு, யானை மூச்சுவிடுவது போல் ஒலிக்கும் நெடுந்தூம்பு, குழல் என்று கருவிகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றையெல்லாம் இட்டுக் கட்டிய பைகள் கார்காலத்துப் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப் போலிருந்தன என்கிறார். கருவிகளாகிய கலங்களை இடும் பை ஆதலின் அதற்குக் கலப்பை என்று பெயர். உழும் கலப்பைக்கும் இதற்கும் உறவில்லை.

உவமையைவிட வியப்பூட்டுவது அதை அடுத்து வரும் சிறு குறிப்பு. பைகள் இருபுறமும் கனம் ஒத்திருக்கும்படி கட்டப்பட்டு, காவுதண்டில், அதாவது தோளில் குறுக்கே வைத்து இரு முனையிலும் சுமை தொங்கவிடும் கோலில், சுமக்கப்பட்டன. பையைத் தேர்வதைவிடப் பையை நிறைப்பதே கலை என்று இப்போதைய கையேடுகள் பல பக்கங்களில் சொல்லும் செய்தி அங்கே இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது. காவுதண்டின் திறத்தை அமெரிக்க உடலியலாளர் ராஜர் கிராம் 1991இல் ஆராய்ந்து, நெகிழும் கோலில் சுமையைத் தொங்கவிட்டு ஓடுவோர்க்கு முதுகில் சுமப்பதைவிடக் குறைந்த ஆற்றல் செலவாவதில்லை என்றும், ஒவ்வோர் அடியிலும் தோளில் விழும் உச்ச அழுத்தம் மட்டும் குறைகிறது என்றும் கண்டார். ஆயினும் அவர் ஓடவிட்டது சமதளத்தில். இங்கோ தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உயிர்கொல்லும் கூற்றம்போல் வரும், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்று அதே பாட்டு எச்சரிக்கிறது. இருபுறமும் பலாக்குலை போல் பை தொங்கும் தண்டோடு ஒருவர் மறையத்தக்க மரம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பதைப் புலவர் சொல்லவில்லை.

அந்தப் பைகளில் சோறு இருந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் வழியெங்கும் இருப்பதால் இருள் நன்றாக விலகிய பின்பே நடக்க வேண்டும். வழியில் காட்டுப்பன்றி இறந்து கிடந்தால், மூங்கில் உரசிப் பற்றிய தீயில் புகை நாறாமல் வாட்டித் தின்று, சுனைநீர் பருகி, மிஞ்சியதைப் பொதியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இரவில் நடவாமல், சொந்த வீட்டில் புகுவது போல் பாறைக் குகையில் தங்க வேண்டும். சிற்றூரை அடைந்தால் தினைச்சோறும் முள்ளம்பன்றிக் கறியும் மூங்கிற் குழாயில் விளைந்த தேறலும் கிடைக்கும். புறப்படும்போது உணவுக்கு இடம் ஒதுக்காமல் திரும்பும்போது ஒதுக்குவது பழைய வேட்டைக்காரனின் கணக்கு. கூத்தர் அதனைத் தம் கணக்காகவே கொண்டிருக்கின்றனர். ஊரார் சோறிடுவர் என்ற உறுதி இருந்தால் எந்தப் பையும் இலேசாகும். இன்றோ ஒரு பகல் நடைக்கே மாப்பண்டமும் பொடியும் மூன்று பாட்டில் நீரும் முதுகில் ஏறுவதற்குக் காரணம் பசி அன்று, வழியில் எவர் வீட்டையும் எதிர்பாராமைதான்.

கருவிகளோ வெறும் தொழிற்சுமையும் அல்ல. அம்மலையில் பிறந்த குறவரும் திசை மயங்கும் இடத்தில் மாட்டிக்கொண்டால் மேலே நடக்காமல், அகன்ற பாறையில் ஒன்றுகூடி இருந்து, வாத்தியங்களை இசையுங்கள், ஒலி கேட்டுக் குறவர் வந்துவிடுவர் என்று பாட்டு கூறுகிறது. தற்காலப் பைகளின் மார்புப் பட்டையில் பொருத்தியிருக்கும் சிறு ஊதலின் வேலை இதுவே. வழி தவறினால் நின்ற இடத்தில் நின்று ஒலியெழுப்புக என்பதே இன்றைய மீட்புக் குழுக்களும் தரும் முதல் அறிவுரை. ஊதலுக்குப் பதில் முழவும் கொம்பும் குழலும் சேர்ந்து ஒலித்த மலையில் வழி தவறுவதற்கே சிலர் ஆசைப்பட்டிருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் பெருங்கௌசிகனார் விட்டுவிட்டார். வழி சொல்பவன் தானும் நன்னனிடமிருந்தே திரும்பி வருவதாகக் கூறுகிறான். நன்னன் தரும் பரிசிலாகப் பாட்டின் இறுதியில் அடுக்கப்படுபவை பொற்றாமரையும் அணிகலன்களும் மட்டுமல்லாமல் நெடுந்தேர்கள், மலையை ஒத்த யானைகள், மணி கட்டிய பெருமாட்டு மந்தை, குதிரைகள், குவிந்த நிதி ஆகியவை. ஏறும் வழியில் வழுக்குப் பாறைகளையும் பொறிகளையும் கவண்கற்களையும் விடாமல் எச்சரித்த அந்தக் கூத்தன், அதே வழியில் தேரை எப்படி இறக்கினான் என்பதற்கு ஓர் அடியும் ஒதுக்கவில்லை.