தீக்குச்சியும் தோட்டாவும்

கரிசல் மண்ணில் பிறந்தோர்க்கு நெருப்பு அயலானதன்று. வானம் பொய்த்து மானாவாரிப் பருத்தியும் கம்பும் கருகிய ஆண்டுகளில், கோவில்பட்டி வட்டாரத்து அடுப்புகளை அணையாமல் காத்தது தீப்பெட்டித் தொழிலே. கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைத்த குடும்பங்களுள் நமது குடும்பமும் ஒன்று. உரசியும் பற்றாத குச்சியைக் கண்டால் நம் பாட்டியார் முகம் வாடிவிடும். "ஒரு குச்சி ஏமாற்றினால் பெட்டிக்கே பெயர் கெட்டுப் போகும்" என்பார். அச்சொல்லின் முழுப்பொருள் அண்மையில்தான் நமக்கு விளங்கிற்று.

நம்மிடம் தமிழ் பயின்று, தேசிய மாணவர் படையில் சிறந்து விளங்கிய பழைய மாணவர் ஒருவர் நம்மை நாடி வந்தார். அப்படையில் நாமும் பல்லாண்டு பணியாற்றி, .22 துப்பாக்கியில் மாணவர்க்குப் பயிற்சி அளித்தவர்கள் என்பதே அவர் வரக் காரணம். "ஐயா, இருபத்தைந்து மீட்டர் போட்டிக்குக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும். வாப்பா பருத்தி விற்ற பணத்தோடு கடனும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். எதை நம்பி வாங்குவது?" என்று வினவினார்.

கைத்துப்பாக்கி என்றவுடன் நம் பகுதிப் பெரியோர்க்கு மணியாச்சி நினைவுக்கு வரும். 1911 சூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டது அந்த இரயில் சந்திப்பில்தான். நம் மாணவர் நாடியதோ உயிரை நோக்காத, காகித வட்டத்தை மட்டுமே நோக்கும் கருவி. அம்பெய்யும் பயிற்சியை ஊக்கப்படுத்திய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் தடுத்தார்கள். திறனும் அடக்கமும் ஒருங்கே வேண்டும் என்பதே அதன் பொருள் எனக் கொள்ளலாம். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறாமல் இத்தகைய கருவியை வைத்திருத்தல் குற்றம் என்பதை அவருக்கு முதலில் நினைவூட்டினோம்.

பின்னர், தோட்டாவிலிருந்து தொடங்கினோம். 5.6 மில்லிமீட்டர் குறுக்களவுடைய இவ்வகைத் தோட்டா, இன்றுள்ள வடிவில் 1887 இல் அமெரிக்காவில் தோன்றியது. இதில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை. பித்தளைக் குப்பியின் அடிவிளிம்புக்குள் மெல்லிய வளையமாகப் பரவியிருக்கிறது. ஈரமருந்தைக் குப்பியிலிட்டுச் சுழற்றி விளிம்புக்குள் படரச் செய்கிறார்கள். ஓரிடத்தில் மருந்து படராமற்போய், சுடும் ஊசி அவ்விடத்திலேயே விழுந்தால் தோட்டா வெடிக்காது. குச்சி முனையில் மருந்து சரியாக ஒட்டாவிட்டால் பற்றாதது போன்றதே இதுவும். ஆயினும் குச்சியை உடனே மீண்டும் உரசலாம். வெடிக்காத தோட்டாவோ தாமதித்து வெடிக்கவும் கூடும். ஆகவே குழலை இலக்கின் பக்கமே நிறுத்தி, அரை நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும்.

விரைவுச் சுடுதல் போட்டியின் இறுதிக் கட்டத்தில் ஐந்து இலக்குகளை நான்கே விநாடியில் சுட வேண்டும். 2012 இல் இலண்டனில் விஜயகுமார் வெள்ளி வென்றது இப்போட்டியில்தான். அந்த நான்கு விநாடிக்குள் காலிக் குப்பி ஒன்று சிக்கிக்கொண்டால், எத்துணைத் துல்லியமான குழலும் பயன்படாது. எனவே அழகையும் பெயரையும் பின்னுக்குத் தள்ளி, நம்பகத்தை முன்னுக்கு வைக்குமாறு கூறினோம்.

மொத்த எடை 1400 கிராமுக்கு மிகாமலும், விசையின் இழுப்பு 1000 கிராமுக்குக் குறையாமலும் இருத்தல் போட்டி விதி. இவ்வரம்புக்குள் மரப்பிடி தம் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒரே தயாரிப்புத் தொகுதித் தோட்டாக்களில் சில நூறு சுட்டு, எத்தனை வெடிக்கவில்லை, எத்தனை சிக்கின எனக் குறித்தல் வேண்டும். ஒரு கருவிக்கு ஒத்துவரும் தோட்டா மற்றொன்றுக்கு ஒத்துவராது. சுடும் ஊசியும் சுருள்வில்லும் தேய்ந்தால் மாற்றுப் பாகம் கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும். வெற்று அறையில் விசையை இழுத்துப் பழகினால் ஊசி அறையின் விளிம்பில் மோதி இரண்டுமே கெடும். நம் கரிசல் புழுதியோ எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் மாவு போலாகிவிடும். ஆகவே எண்ணெயைச் சிறிதளவே இட வேண்டும். துடைப்பதை ஒருநாளும் மறத்தலாகாது.

இவற்றைக் கேட்டவர், "இத்தனை பார்த்தும் பழுதானால்?" என்றார். நாம் மனு பாக்கரைச் சுட்டிக்காட்டினோம். 2021 இல் டோக்கியோவில், காற்றுக் கைத்துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவே அவரது கருவி பழுதுற்றது. பொன்னான நிமிடங்கள் கழிந்தன. 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடம் பெற்ற அவர், இரண்டு புள்ளிகளால் இறுதிச் சுற்றை இழந்தார். அவரே 2024 இல் பாரிசில் இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றார். கருவி கைவிடலாம், பயிற்சியும் பொறுமையும் கைவிடா.

மாணவர் அன்று எதையும் வாங்கவில்லை. கடன் வாங்க வேண்டாமெனத் தந்தையாரைத் தடுத்துவிட்டு, சங்கத்துக் கருவிகளிலேயே பழகி வருகிறார். எந்தக் கருவி, எந்தத் தோட்டா, எத்தனை முறை தவறியது என்றெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். சென்ற மாதம் அதை நம்மிடம் காட்டினார். அதன் இறுதிப் பக்கத்தில் ஒரு கருவியின் பெயருக்குக் கீழே கோடிட்டிருந்தார். இன்ஷா அல்லாஹ், அடுத்த பருத்தி வெள்ளாமைக்குப் பின் அவர் வாங்கப்போவது அதுவாகவே இருக்கும்.

அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, குச்சியை ஒவ்வொன்றாய் உரசிப் பார்த்த பாட்டியாரின் மருந்து படிந்த விரல்களே நம் கண்முன் நின்றன. நம்பகம் என்பது விலை கொடுத்து வாங்குவதன்று. சோதித்துச் சோதித்துச் சேர்ப்பது.